கலக்கினால் மட்டும் போதுமா?

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்கு அருகில் உள்ள சிறு நகரம் ஆயர் தாவார். ‘ஆயர் தாவார்’ என்னும் மலாய்ச் சொற்களுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் என்று பொருள். ஊரின் பெயர் தண்ணீரைச் சொன்னாலும், இவ்வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குப் பல தலைமுறைகளாகச் சோறு போட்டது மரத்திலிருந்து வடிந்த வெண்ணிறப் பால். இன்று செம்பனை வளர்ந்து நிற்கும் பல நிலங்களில் அன்று இரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன.

இரப்பருக்கும் பேராக்கிற்கும் உள்ள உறவு பழைமையானது. 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இரப்பர்க் கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரத்தை இன்றும் அந்நகரில் காணலாம். பிரேசில் நாட்டுக் காட்டு மரம் ஒன்று, காலப்போக்கில் இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கும் மரமாக மாறியது. அந்த மாற்றத்திற்குப் பின்னால் பால் மரம் வெட்டியவர்களின் உழைப்பு இருந்தது. அதனோடு, அதிகம் பேசப்படாத ஒரு நுட்பமும் இருந்தது. அதுவே திரவங்களைக் கலக்கும் நுட்பம்.

‘கலக்குவதில் என்ன நுட்பம் இருக்கிறது? கரண்டியை எடுத்துச் சுற்றினால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பால் ஸ்டோரில் சில நிமிடங்கள்

விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் மரம் வெட்டச் செல்வார்கள். மரத்தின் பட்டையைச் சீவியதும் பால் வழிந்து மங்கில் சொட்டும். முற்பகலில் அதனை வாளிகளில் சேர்த்து, நிறுவை நடக்கும் இடத்திற்குச் சுமந்து வருவார்கள். நிறுத்துக் கணக்கில் பதிந்த பின்னர், பால் தோட்டத்தின் ஸ்டோருக்குப் போய்ச் சேரும்.

அங்கே பலருடைய வாளிப் பாலும் சல்லடை வழியாக ஒரே தொட்டியில் ஊற்றப்படும். எல்லா மரங்களின் பாலும் ஒரே மாதிரி இராது. ஒன்றில் இரப்பர் மிகுந்திருக்கும். இன்னொன்றில் தண்ணீர் மிகுந்திருக்கும். பொதுவாக, மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடுதான் இரப்பர். தாள் இரப்பர் செய்வதற்காகச் சுத்தமான தண்ணீரைச் சேர்த்து, இரப்பரின் அளவை 12 முதல் 15 விழுக்காட்டுக்குக் குறைப்பார்கள். பிறகு, நீர் கலந்து மெலிதாக்கிய பார்மிக் அமிலத்தை ஊற்றி, அகன்ற துடுப்பால் கலக்குவார்கள். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்துவிட்டு, தொட்டியின் குறுக்கே அலுமினியத் தகடுகளைச் செருகி வைப்பார்கள். மறுநாள் காலையில் பால் கட்டியாக உறைந்திருக்கும். அக்கட்டிகளை உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தாளாக்கி, புகைக் கொட்டகையில் உலர்த்துவார்கள்.

இவ்வேலைகள் அனைத்திலும் அமிலம் கலக்கும் அந்தச் சில நிமிடங்களே மிகவும் நெருக்கடியானவை. கலக்கல் குறைவாக இருந்தால், தொட்டியின் ஒரு மூலையில் அமிலம் மிகுந்தும் மறு மூலையில் குறைந்தும் இருக்கும். ஓரிடத்தில் கட்டி கடினமாகவும் வேறோரிடத்தில் கொழகொழவென்றும் உறையும். மாறாக, ஆவேசமாக அடித்துக் கலக்கினால் காற்று உள்ளே புகுந்து நுரைக்கும். அந்தக் காற்றுக் குமிழிகள் இரப்பர்த் தாளுக்குள் சிக்கிக்கொள்ளும். புகையிட்ட தாள்களைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். குமிழிகள் நிறைந்த தாளுக்குத் தரம் குறையும். தரம் குறைந்தால் விலையும் குறையும்.

ஆகவே, ஒரு தொட்டிப் பால் கெட்டுப்போனால் அது துடுப்புப் பிடித்த ஒருவரின் தவறாகத் தோன்றலாம். ஆனால், வீணாவது அன்று விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டிய அத்தனை பேரின் உழைப்பு.

ஓர் ஓட்டப்பந்தயம்

தேநீரில் சீனி சரியாகக் கலக்கவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை கலக்கிக்கொள்ளலாம். இரப்பர்ப் பாலில் அந்த வாய்ப்பு இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

இரப்பர்ப் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான இரப்பர்த் துகள்களின் தொகுதி. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியவை. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய படலம் மூடியிருக்கிறது. அப்படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதனால்தான் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் விலகி நிற்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது.

அமிலம் சேர்ந்ததும் அந்த மின்னூட்டம் குறைகிறது. தள்ளுவதற்கு வலுவின்றித் துகள்கள் மோதி, ஒட்டி, உறைந்துவிடுகின்றன. ஒருமுறை உறைந்தால் அதை மீண்டும் பாலாக்க முடியாது. எனவே, அமிலம் ஊற்றிய நொடியிலிருந்து தொட்டிக்குள் ஓர் ஓட்டப்பந்தயம் தொடங்குகிறது. ஒரு பக்கம் அமிலம் எங்கும் பரவ வேண்டும். மறுபக்கம் பால் உறைந்துகொண்டே வருகிறது. பரவுதல் முந்தினால் நல்ல கட்டி கிடைக்கும். உறைதல் முந்தினால், அமிலம் விழுந்த இடத்தில் மட்டும் கட்டிகள் திரண்டு, மீதிப் பால் அப்படியே நிற்கும். அமிலத்தை முன்னதாகவே தண்ணீரில் மெலிதாக்கிக்கொண்டதற்கு இதுவே காரணம். பரவுதலுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக்கொடுக்கும் வழி அது.

கலக்கும்போது என்னதான் நடக்கிறது?

அசைவே இல்லாத தண்ணீரில் கரைந்த ஒரு பொருள் தானாகவே பரவும். ஆனால், அந்தப் பரவல் மிகவும் மெதுவானது. சீனி, உப்பு போன்றவற்றின் சிறு மூலக்கூறுகள் ஒரு மில்லிமீட்டர் தூரம் பரவ ஏறத்தாழ 8 நிமிடங்கள் ஆகலாம். பத்து மில்லிமீட்டர் பரவ 80 நிமிடங்கள் ஆகும் என்று எண்ணிவிடாதீர்கள். தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். அதாவது, ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 14 மணி நேரம்! ஆளுயரத் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

கரண்டியும் துடுப்பும் செய்யும் வேலை இப்போது புரியும். அவை மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. மூலக்கூறுகள் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கின்றன. துடுப்பு முதலில் திரவத்தைத் தொட்டி முழுவதும் சுற்றிவரச் செய்கிறது. அந்தப் பெருஞ்சுழல்கள் சிறு சுழல்களாக உடைகின்றன. சிறு சுழல்கள் இன்னும் சிறிதாகின்றன. இறுதியில், இரு திரவங்களும் முடியைவிட மெல்லிய இழைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எஞ்சிய சிறு இடைவெளியை மூலக்கூறுகள் தாமாகவே நொடிப்பொழுதில் கடந்துவிடுகின்றன.

ஆனால், எல்லாத் திரவங்களும் சுழல்களாக உடைவதில்லை. இதைத் தெளிவாகக் காட்டியவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர். இவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பேராசிரியராகப் பணியாற்றியவர். கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரின் நடுவே மெல்லிய சாயக் கோடு ஒன்றைச் செலுத்தி அவர் கவனித்தார். தண்ணீர் மெதுவாக ஓடியபோது சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது. வேகம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் அந்த நூல் நெளிந்து, சிதறி, தண்ணீர் முழுவதும் பரவியது. 1883-ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, திரவங்களின் ஓட்டத்தைப் புரிந்துகொள்ள வழிகாட்டியது. நூல் போன்ற ஓட்டத்தைச் சீரோட்டம் என்றும், சிதறிச் சுழலும் ஓட்டத்தைக் கொந்தளிப்போட்டம் என்றும் சொல்கிறோம். எந்த ஓட்டம் அமையும் என்பதைக் கணிக்க உதவும் எண்ணுக்குப் பின்னாளில் ‘ரெனால்ட்ஸ் எண்’ என்றே பெயர் வந்தது.

அரை மீட்டர் அகலமுள்ள ஒரு துடுப்பு, வினாடிக்கு ஒரு சுற்று வீதம் தண்ணீரில் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 250,000. கலக்கும் தொட்டியில் இந்த எண் 10,000-ஐத் தாண்டினாலே கொந்தளிப்போட்டம் அமைந்துவிடும். அதே துடுப்பை அதே வேகத்தில், தண்ணீரைவிட 10,000 மடங்கு பாகுத்தன்மை கொண்ட கெட்டித் தேனில் சுழற்றினால் அந்த எண் வெறும் 35 ஆகக் குறைந்துவிடும். அங்கே சுழல்கள் பிறப்பதற்கே வழியில்லை. அத்தகைய திரவத்தை இழுத்து, மடித்து, மீண்டும் இழுத்துத்தான் கலக்க வேண்டும். ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசி மடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுவது வேறு, கலப்பது வேறு

ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் வட்டமாக வேகமாகச் சுற்றுங்கள். நடுவே ஒரு குழி விழும். தண்ணீர் முழுவதும் ஒரே கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு வேகமாக இருந்தாலும், மேலுள்ள தண்ணீர் கீழே போவதும் கீழுள்ளது மேலே வருவதும் குறைவு. இராட்டினத்தில் ஏறியவர்கள் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அவரவர் இருக்கையிலேயே இருப்பதைப் போன்றது இது. மேலும், அந்தக் குழி வழியாகக் காற்று திரவத்துக்குள் இழுக்கப்படவும் கூடும்.

தொழிற்சாலைக் கலன்களில் இதற்கு ஓர் எளிய தீர்வு உண்டு. கலனின் உட்சுவரில் மேலிருந்து கீழாக, பெரும்பாலும் நான்கு தடுப்புத் தகடுகளைப் பொருத்துகிறார்கள். ஒவ்வொரு தகடும் கலனின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அகலம் கொண்டிருக்கும். சுற்றிவரும் திரவம் தகட்டில் மோதி, மேலும் கீழுமாகத் திரும்புகிறது. குழி மறைகிறது, கலவை சீராகிறது. கலக்கும் துடுப்பின் வடிவமும் வேலைக்கேற்ப மாறும். சாய்வான இதழ்கள் திரவத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். நேரான இதழ்கள் பக்கவாட்டில் வீசும். கெட்டியான திரவத்திற்குச் சுவரை உரசும் அளவுக்கு அகன்ற நங்கூர வடிவத் துடுப்பு தேவைப்படும்.

‘எதற்கு இத்தனை கணக்கு? வேகத்தைக் கூட்டினால் போயிற்று!’ என்று தோன்றலாம். கொந்தளிப்போட்டத்தில் துடுப்பின் வேகத்தை இரு மடங்காக்கினால், அதற்குத் தேவைப்படும் ஆற்றல் இரு மடங்கன்று, எட்டு மடங்கு. கலன் பெரிதானால் சிக்கல் இன்னும் கூடும். ஆய்வகத்தில் ஒரு லிட்டர் கலனில் வெற்றி பெற்ற கலவையை, அதே வடிவில் 1,000 லிட்டர் கலனில் அதே சுழற்சி வேகத்தில் செய்ய முயன்றால், ஒவ்வொரு லிட்டருக்கும் 100 மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே, பெரிய கலன்களில் வேகத்தைக் குறைத்து, கலவைக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். சமையலறையில் நான்கு பேருக்குப் பொருந்தும் பக்குவம், திருமணப் பந்தியின் அண்டாவில் அப்படியே பொருந்தாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஒரு கையுறையின் கதை

பால் ஸ்டோரின் நுட்பம் மறைந்துவிடவில்லை. அது இன்று தொழிற்சாலைக்கு இடம் மாறியுள்ளது. உலகிற்கு மிகுதியான இரப்பர்க் கையுறைகளை வழங்கும் நாடுகளுள் மலேசியா முன்னணியில் இருக்கிறது. பேராக் மாநிலத்திலும் கையுறைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. 2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது, உலகெங்கும் உள்ள மருத்துவமனைகள் இந்தக் கையுறைகளுக்காகக் காத்திருந்தன.

கையுறை செய்வதற்கு, மரத்துப் பாலை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, இரப்பரின் அளவை 60 விழுக்காட்டுக்கு உயர்த்துகிறார்கள். அது உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். பிறகு, கந்தகம், துத்தநாக ஆக்சைடு முதலியவற்றைத் தண்ணீரில் நுண்ணிய கலவையாக அரைத்து, கலக்கும் கலனில் உள்ள பாலோடு சேர்க்கிறார்கள். இப்பொருள்கள்தாம் கையுறைக்கு வலிமையும் நெகிழ்வும் தருபவை.

இங்கும் அதே பழைய இக்கட்டு காத்திருக்கிறது. துடுப்பு மிக மெதுவாகச் சுழன்றால், கனமான பொருள்கள் அடியில் படிந்துவிடும். மிக வேகமாகச் சுழன்றால், இரப்பர்த் துகள்கள் பலமாக மோதி, பாதுகாப்புப் படலத்தையும் மீறி ஒட்டிக்கொள்ளும்; அமிலம் சேர்க்காமலேயே பால் கட்டிதட்டும். காற்றும் உள்ளே புகும். ஆகவே, அகன்ற துடுப்புகளை மெதுவாகச் சுழலவிட்டு, நுரை எழாமல் கலக்குகிறார்கள். கலந்த பாலை உடனே பயன்படுத்தாமல், ஒன்று முதல் மூன்று நாள் வரை பக்குவப்படவும் விடுகிறார்கள். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி இந்தக் கலனுக்கென்றே சொல்லப்பட்டதுபோல் இருக்கிறது.

ஒரு சிறு காற்றுக் குமிழி இவ்வளவு பெரிய விசயமா? கை வடிவப் பீங்கான் அச்சுகள் பாலில் மூழ்கி எழும்போது, அந்தக் குமிழியும் படலத்தில் ஒட்டிக்கொள்ளலாம். உலர்ந்ததும் அவ்விடத்தில் ஊசிமுனைத் துளை ஒன்று உண்டாகும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அத்துளை, நோய்க்கிருமிக்கு அகலத் திறந்த வாசல். அதனால்தான், மாதிரிக் கையுறைகளில் ஒரு லிட்டர் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடங்கள் வரை கசிகிறதா என்று பார்க்கும் சோதனை உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. நோயாளியின் இரத்தத்தைத் தொடும் தாதியின் உயிர்ப் பாதுகாப்பு, எங்கோ ஒரு கலனில் துடுப்பு சுழன்ற வேகத்தோடு தொடர்புடையது.

கலவையை ஆராய்வது எப்படி?

இரும்புக் கலனுக்குள் நடப்பதைக் கண்ணால் காண முடியாது. எனவே, ஆய்வாளர்கள் ஒளி ஊடுருவும் மாதிரிக் கலன்களைப் பயன்படுத்துகிறார்கள். காரத் தன்மையுள்ள தண்ணீரில் பினாப்தலீன் துளிகளை விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும் என்பதை வேதியியல் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் போதிய அமிலத்தை ஊற்றிக் கலக்கும்போது, கலந்த இடமெல்லாம் நிறமிழக்கும். எந்த மூலையில் நிறம் கடைசிவரை நிற்கிறதோ அங்கே கலக்கல் எட்டவில்லை என்று அறியலாம். அப்பகுதியைத் தேக்கப் பகுதி என்பர். உப்புக் கரைசலைச் சேர்த்து, பல இடங்களில் மின்கடத்தும் திறனை அளப்பது மற்றொரு முறை. இக்காலத்தில் லேசர் ஒளியில் நுண்துகள்களின் ஓட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள். கணினியில் கலனின் மாதிரியை உருவாக்கியும் ஆராய்கிறார்கள்.

நீங்களும் ஓர் எளிய ஆய்வைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதற்கோப்பையில் கரண்டியால் வட்டமாகச் சுற்றிவிட்டு, ஒரு துளி உணவுச் சாயத்தை விடுங்கள். இரண்டாவது கோப்பையிலும் அவ்வாறே சுற்றிவிட்டுச் சாயத்தை விடுங்கள். உடனே மற்றொரு கரண்டியைச் சுவரோரமாக அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சாயம் எங்கு விரைவாகப் பரவுகிறது? அசையாமல் நின்ற அந்தக் கரண்டிதான் தடுப்புத் தகடு.

கைகள் அறிந்த கல்வி

அன்று பால் ஸ்டோரில் துடுப்புப் பிடித்தவர்களுள் பலருக்கு ரெனால்ட்ஸின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், எந்த வேகத்தில் கலக்கினால் நுரைக்கும், எந்த நேரத்தில் துடுப்பை நிறுத்த வேண்டும் என்பதை அவர்களின் கைகள் அறிந்திருந்தன. பாலின் நிறத்தையும் கனத்தையும் பார்த்தே அவர்கள் முடிவெடுத்தார்கள். அறிவியல் அந்தப் பட்டறிவுக்கு எண்களையும் காரணங்களையும் கொடுத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் தோட்ட வாழ்க்கையை அறிந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பால் எப்படி உறையவைக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்து வையுங்கள். நாளை நீங்கள் வேதிப் பொறியியல் படிக்கும்போது, பாடநூலில் காணும் கலனும் துடுப்பும் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆயர் தாவார் வட்டாரத்தில் உங்கள் குடும்பத்தார் பிடித்த துடுப்பின் மறுவடிவமாகவே அவை தோன்றும்.

சிந்தித்து விடையளிப்போம்

1. பால் ஸ்டோரில் பார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் மெலிதாக்கிய பிறகே பாலில் சேர்த்தது ஏன்?
2. ‘கலக்குவது மூலக்கூறுகள் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது.’ இக்கூற்றைப் பாடத்தில் உள்ள எண்களைக் கொண்டு விளக்குக.
3. கலனில் தடுப்புத் தகடுகள் இல்லாவிட்டால் ஏற்படும் இரு விளைவுகளை எழுதுக.
4. ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி கையுறைத் தயாரிப்புக்கு எவ்வாறு பொருந்துகிறது?
5. உங்கள் வட்டாரத்தில் பட்டறிவால் செய்யப்பட்டு வந்த ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்து, அதில் மறைந்துள்ள அறிவியலை விளக்கி 100 சொற்களில் ஒரு பத்தி எழுதுக.